சறுக்குப் பலகை: தரையும் சக்கரமும்

ஒரு மரப்பலகை, அதன் அடியில் இரண்டு அச்சுகள், நான்கு சிறு சக்கரங்கள். சறுக்குப் பலகை என்று நாம் சொல்லும் ஸ்கேட்போர்டில் வேறொன்றும் இல்லை. எஞ்சின் கிடையாது, பிரேக் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. இவ்வளவு எளிய பொருளை வாங்கக் கடைக்குப் போகும் மாணவனைக் கடைக்காரர் கேள்விகளால் திணற அடித்துவிடுவார். பலகையின் அகலம் 8 அங்குலமா, எட்டரையா? சக்கரத்தின் விட்டம் 52 மில்லிமீட்டரா, 60 மில்லிமீட்டரா? கடினத்தன்மை 78-ஆ, 99-ஆ?

இந்த எண்களெல்லாம் விளம்பரக்காரர்களின் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் முறிந்த கை கால்களும் உண்டு. தவறான சக்கரத்தால் இந்த விளையாட்டு ஒருமுறை ஏறக்குறைய செத்தே போயிற்று. அதை அறிந்துகொண்டால், எந்தப் பலகை யாருக்குப் பொருந்தும் என்பதைக் கடைக்காரரைக் கேட்காமலே நாம் கண்டுபிடித்துவிடலாம்.

பலகைக்கு முன்பே பிறந்தது அதன் திருப்பும் உறுப்பு. 1863-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் நான்கு சக்கரங்கள் கொண்ட காலணி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய சக்கரக் காலணிகளில் நேராக ஓடலாம். வளைந்து திரும்புவது பெரும்பாடு. பிளிம்ப்டன் அச்சைக் காலணியோடு இறுக்கிப் பிணைக்காமல், சாய்வான ஒரு முளையின் மீது அமர்த்தி, இடையில் ரப்பர் மெத்தை ஒன்றை வைத்தார். காலை ஒரு பக்கம் சாய்த்தால் ரப்பர் அமுங்கும். அச்சு சற்றே திரும்பும். முன்னச்சு ஒரு திசையிலும் பின்னச்சு அதற்கு எதிர்த் திசையிலும் திரும்புவதால், இரண்டு அச்சுக் கோடுகளையும் நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தில் காலணி ஓடும். காலை நிமிர்த்தினால் ரப்பர் மீள்கிறது, அச்சு நேராகிறது.

இன்றைய சறுக்குப் பலகையின் திருப்பமும் இதே தத்துவம்தான். இந்த உறுப்பை 'டிரக்' என்கிறார்கள். நம் தெருவில் ஓடும் லாரியை நினைத்துக் குழம்ப வேண்டாம். ரயில் பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கியபடி தனியே திரும்பும் சட்டத்தை அமெரிக்கர் டிரக் என்று அழைப்பார்கள். அந்தப் பெயர் இங்கும் ஒட்டிக்கொண்டது.

1950-களில் கலிபோர்னியாக் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடிய இளைஞர்கள், அலை இல்லாத நாட்களில் பொழுது போகாமல், சக்கரக் காலணிகளைப் பிரித்து அவற்றின் டிரக்குகளைப் பலகையின் அடியில் ஆணியடித்துச் சேர்த்தார்கள். நடைபாதையே அவர்களுக்கு அலையாயிற்று. இவற்றில் இருந்தவை எஃகுச் சக்கரங்கள். ரயில் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் அருமையாக ஓடுகிறது. ஏனெனில் தண்டவாளமும் எஃகு, அதுவும் வழவழப்பானது. சிமெண்டு நடைபாதையில் நிலைமை வேறு. எஃகு அமுங்காது, தரையைப் பற்றிக்கொள்ளாது. திரும்பும்போது வழுக்கிவிடும். ஒவ்வொரு சொரசொரப்பும் அதிர்வாக மாறிப் பல் வரை ஏறும்.

1960-களின் தொடக்கத்தில் 'களிமண் சக்கரம்' வந்தது. பெயர்தான் களிமண், உண்மையில் பல பொருள்களைப் பிசினால் இறுக்கிச் செய்த கலவை. உருளைச் சறுக்கு மண்டபங்களின் மரத்தரைக்காக உருவானது அது. எஃகைவிட ஓசை குறைவு, பிடிப்பும் சற்று அதிகம். லாரி ஸ்டீவன்சன் என்பவர் 1963-ல் 'மக்காஹா' என்ற பெயரில் நல்ல பலகைகளை விற்கத் தொடங்கியதும் நாடெங்கும் பைத்தியம் பிடித்தது. 1965 மே 14-ஆம் தேதி வெளியான 'லைஃப்' இதழின் அட்டையில், ஓடும் பலகை மீது கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் பாட் மெக்கீ என்ற இளம்பெண்ணின் படம் இருந்தது. அட்டையிலேயே இதை மோகம் என்றும் ஆபத்து என்றும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஆபத்து என்ற சொல்தான் வென்றது. மருத்துவர்கள் எச்சரித்தார்கள், பல நகரங்கள் தடை விதித்தன, சில மாதங்களில் விற்பனை சரிந்து, கம்பெனிகள் மூடப்பட்டன.

பிழை யாருடையது? பையன்கள் துடுக்குத்தனமாக ஆடினார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால், பாதிக் குற்றமாவது சக்கரத்தின் தலையில் விழும் என்பது புலப்படும்.

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கடினமான சக்கரம், 3 மில்லிமீட்டர் உயரக் கல்லின் மேல் மெதுவாக ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 25, ஏற வேண்டிய உயரம் 3. நெம்புகோல் விதிப்படி, அச்சைக் கிடையாகத் தள்ள வேண்டிய விசை, அந்தச் சக்கரம் தாங்கும் எடையில் சுமார் 54 விழுக்காடு ஆகிறது. 60 கிலோ எடையுள்ளவர் நிற்கிறார், ஒரு சக்கரத்தின் பங்கு 15 கிலோ என்றால், ஒரு சின்னக் கல் சுமார் 8 கிலோ விசையுடன் சக்கரத்தை எதிர்க்கிறது! பலகை திடீரென நிற்கும். மேலே நிற்பவரின் உடலோ நியூட்டனின் முதல் விதிக்குக் கட்டுப்பட்டு முன்னே பறக்கும். சக்கரத்தின் விட்டத்தை 70 மில்லிமீட்டராக்கினால் அதே கல்லுக்கு 44 விழுக்காடு போதும். சக்கரம் பெரிதாவதால் கிடைக்கும் பயன் இது. சக்கரம் மெத்தென்று இருந்துவிட்டால் கல்லின் மேல் ஏறவே வேண்டியதில்லை. கல்லையே தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டுபோகும்.

அப்படி ஒரு பொருள் உலகில் ஏற்கெனவே இருந்தது. 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் பாலியூரித்தேன் என்னும் பல்லுறுப்பியை உருவாக்கினார்கள். கலவையின் விகிதத்தை மாற்றினால் பஞ்சு போலவும் செய்யலாம், கட்டை போலவும் செய்யலாம். ரப்பரைவிட எளிதில் தேயாது. அழுத்தினால் அமுங்கி உடனே மீளும். அது சறுக்குப் பலகைக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வந்த வழியும் சுவையானது.

1970-ல் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், பர்செல்வில் என்ற ஊரிலிருந்த ஒரு யூரித்தேன் தொழிற்சாலையை ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் பார்க்கப் போனார். நண்பனின் தந்தை நடத்திய தொழிற்சாலை அது. அங்கே சக்கரக் காலணிகளுக்காக வார்த்த யூரித்தேன் சக்கரங்கள் கிடந்தன. வாடகைக் காலணியில் தட்டுத்தடுமாறும் புதியவர்கள் வழுக்கி விழாதிருக்க அவற்றைச் செய்திருந்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவற்றைத் தொடவில்லை. மரத்தரையில் அதிகமாகப் பிடிக்கின்றன, வேகம் போதவில்லை என்பது அவர்கள் புகார். நாஸ்வொர்த்தி சில சக்கரங்களை எடுத்துத் தம் பழைய பலகையில் மாட்டினார். மரத்தரையில் குறையாக இருந்தது, சிமெண்டுத் தரையில் வரமாக மாறிற்று. பின்பு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, 1972-73 காலத்தில் 'காடிலாக் வீல்ஸ்' என்ற பெயரில் அவற்றை விற்கத் தொடங்கினார். இரண்டொரு ஆண்டுகளில் களிமண் சக்கரம் கடைகளிலிருந்து மறைந்தது.

ஒரு துறையில் கழித்துப் போட்டது மற்றொரு துறையில் உயிர்நாடியாவதை அறிவியல் வரலாற்றில் அடிக்கடி பார்க்கிறோம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சக்கரத்துக்குள் சுழலும் பேரிங்கும் அப்போது மோசமாகவே இருந்தது. தளர்வான சிறு எஃகுக் குண்டுகளைச் சக்கரக் குழியில் அடுக்கி, கூம்பு வடிவ நட்டால் இறுக்குவார்கள். நட்டு சற்றுத் தளர்ந்தாலும் குண்டுகள் தெருவெங்கும் சிதறும். 1970-களின் நடுவில் 'ரோடு ரைடர்' சக்கரங்கள், வளையத்துக்குள் அடைத்து மூடிய துல்லிய பேரிங்குகளோடு வந்தன. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். தொழிற்சாலை உலகில் '608' என்று எண்ணிட்ட அதே பேரிங். இன்றுவரை அளவு மாறவில்லை. ஆகவே பேரிங் வாங்குவதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மணலும் தண்ணீரும் புகாமல் காத்தால் போதும்.

சக்கரம் தரையைப் பற்றியதும் டிரக் போதாமல் போயிற்று. காலணிக்காகச் செய்த குறுகிய டிரக், வேகத்தில் ஆடியது, முறிந்தது. 1975-ல் பெனட், டிராக்கர் என்ற இரு நிறுவனங்கள் சறுக்குப் பலகைக்கென்றே டிரக்குகளை வார்த்தன. டிராக்கரின் அச்சு அகலமானது. 1978-ல் 'இண்டிபெண்டன்ட்' வந்தது. டிரக் அகலமானதும் பலகையும் அகலமாகலாயிற்று. ஆறேழு அங்குலமாக இருந்த பலகை, பத்தாண்டு முடிவதற்குள் பத்து அங்குலத்தை எட்டியது.

இந்த அகலத்துக்குத் தூண்டுகோல் ஒரு வறட்சி! 1976-77-ல் கலிபோர்னியாவில் கடும் மழைப் பஞ்சம். வீட்டுத் தோட்டங்களிலிருந்த நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. அந்தக் குளங்களின் அடிப்பகுதி கிண்ணம் போல வளைந்து செங்குத்துச் சுவராக எழும். சாண்டா மோனிகா, வெனிஸ் பகுதி இளைஞர்கள் ஆளில்லா வீடுகளின் வேலியேறிக் குதித்து அந்தக் கிண்ணங்களில் ஆடினார்கள். சுவரில் ஏறி விளிம்பில் திரும்பி இறங்குபவனுக்குக் கால் ஊன்ற அகலமான இடம் வேண்டும். விளிம்பின் ஓட்டைத் தாண்டப் பெரிய சக்கரம் வேண்டும். பலகை அதற்கேற்ப மாறியது. இன்றும் கிண்ணங்களிலும் செங்குத்துச் சரிவுகளிலும் ஆடுபவர்கள் எட்டரை அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகையையும், 54 முதல் 60 மில்லிமீட்டர் வரையுள்ள சக்கரத்தையும் நாடுகிறார்கள் என்றால், அந்த வற்றிய குளங்களை நினைத்துக்கொள்ளலாம்.

பலகையின் வடிவிலும் இரு முக்கிய மாற்றங்கள் நேர்ந்தன. முன்பு சொன்ன லாரி ஸ்டீவன்சன் 1969-ல் பலகையின் பின்நுனியை மேல்நோக்கி வளைத்தார்; 1971-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னச்சை ஆதாரமாகக் கொண்ட நெம்புகோல் அது. வளைந்த வாலைக் காலால் அழுத்தினால், அது தரையைத் தொடுமுன் முன்நுனி வெகுவாக உயரும். மற்றொன்று மரம். ஒற்றைப் பலகை இழையோட்டத்தின் வழியே பிளந்துவிடும். கண்ணாடியிழை, அலுமினியம், பிளாஸ்டிக் எல்லாம் சோதித்துப் பார்த்தபின், வட அமெரிக்காவின் கடின மேப்பிள் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஏழு ஏடுகளைப் பசையிட்டு அச்சில் அழுத்தும் முறை நிலைத்தது. பெரும்பாலும் ஐந்து ஏடுகள் நீளவாக்கில், இரண்டு குறுக்குவாக்கில். குறுக்கு ஏடுகள் பிளவைத் தடுக்கின்றன. குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த மரமாகையால் இழை நெருக்கமானது. வளைந்து மீளும் திறனும் மிகுதி. கரிமஇழை வந்துவிட்ட இக்காலத்திலும் ஆட்டக்காரர்கள் மேப்பிளை விடவில்லை.

1976-ல் புளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் தோன்றிய சறுக்குப் பூங்காக்கள், விபத்துக் காப்பீட்டுச் செலவு ஏறியதால் சில ஆண்டுகளிலேயே ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நார்வே நாடு 1978-ல் சறுக்குப் பலகையை அடியோடு தடை செய்தது; அந்தத் தடை 1989 வரை நீடித்தது. அங்கே பிள்ளைகள் காட்டுக்குள் சரிவுமேடை கட்டி ஒளிந்து ஆடினார்கள்.

பூங்கா இல்லாத அமெரிக்க இளைஞர்கள் தெருவுக்குத் திரும்பினார்கள். தெருவில் கிண்ணமில்லை, படிக்கட்டும் நடைபாதை விளிம்பும் கைப்பிடிக் கம்பியும் இருந்தன. அவற்றின் மேல் ஏறப் பலகையைக் கையால் தொடாமல் குதிக்கத் தெரிய வேண்டும். 1970-களின் இறுதியில் புளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் செங்குத்துச் சுவரில் இதைச் செய்து காட்டினார். அவருடைய செல்லப் பெயரான 'ஆலி'யே வித்தைக்கும் பெயராயிற்று. 1982-ல் ரோட்னி மல்லன் அதைச் சமதரையில் செய்தார். ஒட்டும் பசை ஏதுமில்லை. பின்காலால் வாலை உதைக்கிறோம், வால் தரையில் மோதித் துள்ளுகிறது, முன்நுனி எழுகிறது. எழும் பலகையின் சொரசொரப்பான தாள் மீது முன்காலை உரசியபடி முன்னே தள்ளினால், உராய்வு பலகையை இழுத்துச் சமமாக்குகிறது. பார்ப்பவர்க்குப் பலகை காலோடு ஒட்டிக்கொண்டு பறப்பது போலத் தோன்றும்.

இந்த ஒரு வித்தை பலகை முழுவதையும் மாற்றிவிட்டது. இருபுறமும் ஓட வேண்டியிருந்ததால் முன்நுனியும் வால் போலவே வளைந்தது. 1989-ல் மைக் வல்லேலிக்காக வெளிவந்த பலகை இந்த இரட்டை வளைவுக்கு முன்னோடிகளுள் ஒன்று. பலகையை அதன் நீள அச்சில் சுழற்றும் வித்தைகள் பெருகியதால் அகலம் சுருங்கியது. காரணம் எளிது. நீளமும் தடிமனும் மாறாத பலகையின் சுழற்சி நிலைமம் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. 8 அங்குலப் பலகையை எட்டரை ஆக்கினால் அரை அங்குலம்தான் கூடுகிறது. அதைச் சுழற்றுவதற்கு எதிர்ப்போ சுமார் 20 விழுக்காடு கூடிவிடுகிறது.

நாகரிகம் எல்லை மீறியதும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் எடையைக் குறைக்கிறோம் என்று சக்கரத்தை 40 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தார்கள். நாம் போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். சிமெண்டுத் தரையின் சிறு வெடிப்பில்கூடச் சக்கரம் சிக்கியது. 1960-களின் பிழையே புது உடை உடுத்தி வந்தது எனலாம். சில ஆண்டுகளில் சக்கரம் மீண்டும் 50 மில்லிமீட்டரைத் தாண்டியது. தெரு ஆட்டத்துக்கு 50 முதல் 54 வரை என்பது அதன்பின் வழக்கமாயிற்று.

இனி கடைக்காரரின் கேள்விகளுக்கு வருவோம். முதலில் சக்கரத்தைத் தீர்மானியுங்கள். பலகையின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்குவது செருப்புக்காகக் காலை வெட்டுவது போன்றது. சக்கரத்தின் கடினத்தன்மையை ஷோர் ஏ அளவுகோலால் குறிப்பார்கள். ஒரு மழுங்கிய ஊசியை வில்லின் விசையால் பொருளில் அழுத்தி, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது இம்முறை. சாதாரண அழிப்பான் 40-ஐ ஒட்டியும், கார் டயரின் மேற்பரப்பு 60, 70 அளவிலும் இருக்கும். சறுக்குப் பலகைச் சக்கரங்கள் 75-லிருந்து 100 வரை. பள்ளிக்கோ கடைக்கோ தார்ச்சாலையில் போய்வரத்தான் பலகை வேண்டுமென்றால் 78 அளவு மென்மையும் 60 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமும் வேண்டும். வழவழப்பான பூங்காத் தரையில் வித்தை பழகுபவருக்கு அதே சக்கரம் பாரம். மென்மையான சக்கரம் ஒவ்வொரு சுழற்சியிலும் அமுங்கி மீளும்போது ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. பக்கவாட்டில் வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் மறுக்கிறது. அவருக்கு 99 சரி. முன்பு மரத்தரைக்காரர்கள் யூரித்தேனை வெறுத்தது வீம்பினால் அல்ல என்பது இப்போது விளங்கும்.

அடுத்தது அச்சுகளுக்கிடையே உள்ள தூரம். சாதாரணப் பலகையில் இது சுமார் 35 சென்டிமீட்டர். உடலைச் சாய்க்கையில் ஒவ்வோர் அச்சும் 10 பாகை திரும்பினால், பலகை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடும். தூரத்தை 70 சென்டிமீட்டராக்கினால் அதே சாய்வுக்கு ஆரம் இரண்டு மீட்டர். நெருக்கமான இடத்தில் திரும்ப வேண்டியவருக்குக் குட்டைப் பலகையும், மலைச்சாலையில் இறங்குபவருக்கு நெட்டைப் பலகையும் ஏன் ஏற்றவை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2017-ல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பீட் கானலி என்ற பிரிட்டன் வீரர் மணிக்கு 146 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நின்றபடி இறங்கினார். அந்த வேகத்தில் அச்சு துளி திரும்பினாலும் பலகை இருபுறமும் உதறத் தொடங்கும். ஆகவே டிரக்கின் யூரித்தேன் மெத்தைகள் கடினமாகவும் திருப்பம் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

டிரக்கைப் பொறுத்தவரை, அச்சின் முழு அகலம் பலகையின் அகலத்தை ஒட்டி இருக்கட்டும். அச்சு மிகக் குறுகினால் ஓரத்தில் கால் வைத்ததும் பலகை கவிழப் பார்க்கும். மிக அகன்றால் காலில் சக்கரம் இடிக்கும். நடு ஆணியின் நட்டை எவ்வளவு முடுக்குவது என்பதற்கு நூல் விதி கிடையாது. எடை குறைந்த சிறுவனுக்கு மென்மையான மெத்தையும் தளர்ந்த நட்டும். கனத்தவருக்கு இதற்கு நேர்மாறு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெரிய சக்கரமும் தளர்ந்த டிரக்கும் சேர்ந்தால், சாயும்போது பலகையின் அடிப்பகுதி சக்கரத்தில் உரசி அதை ஒரே கணத்தில் நிறுத்திவிடும். 1965-ன் கூழாங்கல் செய்த வேலையை இப்போது பலகையே செய்யும்! இதைத் தவிர்க்க டிரக்குக்கும் பலகைக்கும் இடையே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தகடு வைப்பார்கள். விலை அற்பம், கேட்டு வாங்கிவிட வேண்டும். தலைக்கவசத்தையும் கூடவே.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப் பலகை முதன்முதலாக இடம்பெற்றது. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. ஆட்டத்தைத் தெரு, பூங்கா என்று இரண்டாகப் பிரித்தே நடத்தினார்கள். ஒன்று படிக்கட்டும் கம்பியும், மற்றொன்று வற்றிய நீச்சல் குளத்தின் வாரிசு. நம் பக்கத்திலும் மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியின் ஆட்டம் 2019-ல் ஒரு குறும்படத்துக்குப் பொருளாயிற்று.

கலிபோர்னியாவின் வெனிஸில் 1990-களின் நடுவில் வேறொரு சோதனை நடந்தது. அலைச்சறுக்கு ஆடும் சிலர் முன் டிரக்கை மட்டும் பின்னதைவிட மிக அதிகமாகத் திரும்புமாறு செய்து, மென்மையான பெரிய சக்கரங்களைப் பூட்டினார்கள். தரையைக் காலால் உதைக்காமல் உடலைத் திருகியே அதை ஓட்டிச் செல்லலாம். வித்தை காட்ட அது உதவாது. அலை இல்லாத நாளில் கடலாட்டத்தைப் பழகுவதற்கென்றே அதை இன்றும் வாங்குகிறார்கள்.